நானாகச் சேர்த்த சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். தம்பியின் அறையை மட்டும் பகலிலேயே பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாள். அவனோடு வேலை செய்தவர்கள் வந்து அவனுடைய வெல்டிங் கண்ணாடியைக் கொடுத்தார்கள், எங்கே வைப்பதென்று தெரியாமல் அரைமணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

போன வாரம் நீ அம்மாவிடம் போனில் கேட்டது என் காதில் விழுந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அதை அணைக்க அவளுக்குத் தெரியாது. உயிரோட இருக்கான்னு போன் பண்ணின அந்த மீட்புப் படை ஆள் சொன்னாரா, அப்பாவா சொன்னாரா என்று கேட்டாய். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

நான் சொல்கிறேன். அந்த ஆள் சொல்லவில்லை.

அவர் கூப்பிட்டதற்கு முந்தின நாள் மாலை, அணையில் வேலை செய்துகொண்டிருந்த மிதவை கவிழ்ந்து தம்பியைக் காணவில்லை என்று தகவல் வந்ததும் உனக்குச் சொன்னேன், நீ அங்கிருந்து கிளம்பிவிட்டாய். மீட்புப் படைக்காரர்கள் எங்களைக் கரையில் நிற்க விடவில்லை, வீட்டுக்குப் போங்க சார், நாங்க கூப்பிடறோம் என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் சாப்பாட்டு மேசையில் என் சீட்டுகளைப் பரப்பி உட்கார்ந்தேன். என் வேலை உனக்குத் தெரியும், எபிரேய வேதத்தின் புது மொழிபெயர்ப்புக்குச் சொல்லடைவு, எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று இடத்துக்கு ஒரு சீட்டு. எட்டு வருஷமாக இதையே செய்வதால்தான் தம்பி என்னை அகராதி பிடித்த அப்பா என்பான். அந்த வாரம் 'மீட்பு' ஓடிக்கொண்டிருந்தது. வறுமையில் கைவிட்டுப்போன நிலத்தை உறவுக்காரன் திரும்ப வாங்கித் தருவது, அடிமைகளைக் கடல் வழியே வெளியே கொண்டுவந்தது, சிறைபிடித்துப் போன ஜனத்தை வீட்டுக்கு அழைப்பது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். எங்கள் மொழிபெயர்ப்பாளர் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார், அது முதல்ல சாமி வேலையே இல்ல சார், சித்தப்பன் பெரியப்பன் வேலை, அப்புறமா நானும் உங்க சொந்தக்காரன்தான்னு சாமியும் வந்து சேர்ந்துக்கிட்டார் என்று.

அன்று என் கையில் இருந்த சீட்டு, பிள்ளைகளெல்லாம் செத்துப்போய் உடம்பெங்கும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதன், தன்னை மீட்பவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிற இடம். போன் அடித்தது. சார், உங்க பையனை மீட்டுட்டோம், வந்துடுங்க. அவ்வளவுதான் பாப்பா. ரொம்ப நன்றி தம்பி, நீங்க நல்லா இருக்கணும் என்றேன்.  அவர், கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க சார் என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உடல் மீட்பு என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறவன். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பிரித்து வைத்துச் சம்பளம் வாங்குகிறவன். அம்மா அவனுக்கு மாற்றுத்துணி எடுத்தாள், துண்டு ரெண்டா வை, நனைஞ்சிருப்பான் என்றேன்.

அப்புறம் உன்னைக் கூப்பிட்டேன். நீ பெட்டியோடு விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தாய். மீட்டுட்டாங்கம்மா, உயிரோட இருக்கான், நீ அலைய வேண்டாம், வீட்டுக்குப் போ என்றேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய்.

மீட்டது அவர் சொன்னது. உயிரோடு என்பது நான் சேர்த்தது. மேசையில், கண்ணெதிரில் கிடந்த அந்தச் சீட்டில், இரண்டும் ஒரே வரியில் இருந்தன. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. பொய் சொல்லவில்லை. ஆனால் சேர்த்தேன். நீ மறுபடி டிக்கெட் எடுத்து வந்து சேர மூன்று நாள் ஆகிவிட்டது, தண்ணீரில் கிடந்த உடம்பு, அதுவரை வைத்திருக்க முடியாது என்றார்கள். உன் தம்பியின் முகத்தை நீ கடைசியாகப் பார்க்காமல் போனதற்கு அணை காரணமில்லை, நான்தான். நீ இங்கே இருந்த நான்கு நாளும் என் பக்கம் திரும்பாததில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் இல்லை என்பதும் சரியில்லை. நியாயம் என்று தெரியும்.

நேற்று வேலைக்குப் போனேன். சாமி நம் சொந்தக்காரர் என்றால் அன்றைக்கு எங்கே போயிருந்தார் என்று மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜனத்தைச் சாவிலிருந்து மீட்பதைப் பற்றிக் கடவுள் பேசுகிற ஒரு வரியை எடுத்துக் காட்டினார். மூலத்துல கேள்விக்குறியே கிடையாது சார், மீட்பேன்னும் படிக்கலாம், மீட்பேனான்னும் படிக்கலாம், ரொம்ப காலமா சண்டை, நீங்க எதுல வேணா சேர்த்துக்கோங்க என்றார். நாள் முழுக்க அந்தச் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிலும் சேர்க்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும் பாப்பா, எங்கள் ஆயுசும் உனக்கே. வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே, தலைவலி மாத்திரையைக் குறைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். அப்பாகிட்ட குடு என்று ஒருநாள் நீ சொன்னால் ஓடி வந்து வாங்கிக்கொள்வேன், திட்டுவதற்காக என்றாலும். சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் நானாக எதையும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
தெரியாமல் சொன்ன
உன் அப்பா