மர்ஷூதாவின் மருந்து

ஜூலை 7, திங்கள்

கொழும்புக்குப் போய்த் திரும்பிவிட்டோம். பிள்ளை இல்லை என்று ஆறு வருடமாக நான் சுமந்த பழிக்கு டொக்டர் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார். என்னிடம் குறை இல்லை. என் புருஷன் ஹஸ்மிக்குத்தான் விந்தில் உயிரணுக்கள் குறைவாம். ஆர்ஜினின் என்றொரு அமினோ அமிலத் தூளை எழுதித் தந்தார். சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதம் குடித்துப் பார்க்கலாம் என்றார். பிரஷருக்குக் குளிசை குடிப்பவராக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும் என்றும் சொன்னார். நான் வாயைத் திறக்க முன் ஹஸ்மி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். முப்பத்தேழு வயதில் பிரஷர் என்பதும் அவருக்கு வெட்கம். பெற்ற உம்மாவுக்கே அது தெரியாது.

எங்கள் ஊர் தில்லையடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையை என் கையில் தந்தார். வீட்டு வாசலில் மாமி நின்றார். "மர்ஷூதாட மருந்து, உம்மா," என்றார் என் புருஷன்.

நான் பையைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன். ஏன் மறுக்கவில்லை?

ஜூலை 10, வியாழன்

ஏற்பாடு இதுதான். மாமி அடுத்த தெருவிலிருந்து வருகிற நேரத்தில் நான் ஒரு கரண்டி தூளைக் கலக்கிக் குடிக்க வேண்டும். ஹஸ்மி தன்னுடையதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார். கொஞ்ச நாளைக்குத்தானாம், உம்மா தாங்க மாட்டாவாம். மாமி தாங்க மாட்டார், நான் தாங்குவேன்! தூள் நாறுகிறது. தொண்டை வரைக்கும் கைக்கிறது.

ஜூலை 26, சனி

வயிறு போகிறது. உதட்டோரத்தில் எப்போதோ வந்து போன கொப்புளம் திரும்ப வந்துவிட்டது. இந்தத் தூள் சிலருக்கு அதைக் கிளப்பிவிடும் என்று பாமசியில் சொன்னார்கள். மாமி தெரு முழுக்க என் மருந்துக் கதையைப் பரப்பி வைத்திருக்கிறார். நான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைக்கு நேற்று மகனைக் கூட்டி வந்த ஃபஹ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்பதாகச் சொன்னாள். நல்ல பெண். அவளை அறைய வேண்டும் போல் இருந்தது.

இன்றோடு நிறுத்திவிட்டேன். மாமி வந்தால் கோதுமை மாவைக் கலக்கிக் குடிப்பேன். அவருக்கு என்ன தெரியப்போகிறது.

ஆகஸ்ட் 9, சனி

ஹஸ்மி இப்போது ஒன்றுக்கு இரண்டு கரண்டி போடுகிறார். அவசரமாம். பிரஷர் குளிசையும் அதே வேளையில் போகிறது. வேண்டாம் என்றேன். நீ என்ன டொக்டரா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜும்ஆத் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பும்போது ஹஸ்மி விழுந்துவிட்டார். நெற்றி பிளந்து உடுப்பெல்லாம் இரத்தம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அழுத்தம் அடிமட்டத்தில் கிடந்தது.

என்ன மருந்து குடிக்கிறவர் என்று டொக்டர் கேட்டார். மாமி முந்திக்கொண்டார். அவனுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, மருமகள்தான் மருந்து குடிக்கிறவள் என்றார். ஹஸ்மி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முழிப்புத்தான், இமை ஆடுகிறது. செத்தாலும் சொல்ல மாட்டார் இந்த மனுசன்.

நான் சொன்னேன். குளிசையின் பெயர், தூளின் பெயர், இரண்டு கரண்டி — எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி என் பக்கம் திரும்பினார். "உன்ட மருந்த என்ட புள்ளக்கிக் கலந்து குடுத்தியா?"

யா அல்லாஹ். ஹஸ்மி கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். திரும்ப மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பு தேறும்வரைக்கும் தன் உம்மா வீட்டில் இருக்கப் போகிறாராம். ஒரே ஒரு தரம், என் முன்னால், உம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"வயசான மனுசி. விடு, மர்ஷூதா."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்று ஊரில் என்னைப் பற்றிக் கதை. மாமி ஹஸ்மிக்கு எத்தாளை ஊரில் பெண் பார்த்துவிட்டாராம். ஃபஹ்மியாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவருக்கும் சம்மதமாம். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்டாரா?

நான் ஏன் கலங்க வேண்டும்? வீடு வாப்பா என் பேரில் எழுதிய சீதன வீடு. வந்தவர் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

பொய். அழுதேன். சோறு ஆக்கவில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

எத்தாளைப் பெண்ணின் மூத்த சகோதரி நஃபீஸா வந்தாள். யாருக்கும் சொல்லாமல் தனியே வந்திருக்கிறாள். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். குறை என்னிடம்தானா என்று என் வாயாலேயே கேட்டுப் போக வந்தாளாம். தங்கைக்கு இருபத்திரண்டு வயதாம்.

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றும் வரவில்லை.

"அவரு பிரஷர் குளிசை குடிக்கிறவரு," என்றேன். "புள்ள கிடைக்கணுமெண்டு டொக்டர் அவருக்கு ஒரு தூளும் எழுதிக் குடுத்தாரு. ரெண்டையும் சேத்துக் குடிக்க விட வேணாமெண்டு தங்கச்சிக்கிட்டச் சொல்லுங்க."

"தூள் அவருக்கா?"

"ஓம். அவருக்குத்தான்."

நஃபீஸா எழும்பி, கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள்.