பார்சலில் வராத மருந்து

சேசு மரி சூசை துணை

குருநகர்,
ஒக்டோபர் 12

என் அன்பு மகன் கனிசியசுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளையும் அந்தக் குளிரில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர உடம்புக்குக் குறையில்லை, பிரசர் குளிசையும் ஒழுங்காய்ப் போடுகிறேன். மனதுக்குத்தான் சுகமில்லை மோனை. போனில் சொல்லலாம், ஆனால் இந்த வீட்டில் போனில் கதைத்தால் எல்லோருக்கும் கேட்கும், நான் அழத் தொடங்கினால் நீயும் பயந்துபோவாய். அதுதான் லீவில் வந்து உங்கள் நோர்வேக்குத் திரும்பிப் போகிற இன்னாசித்தம்பியின் மகளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா வசந்தினி என்னோடு கதைத்து இன்றைக்குப் பதினெட்டு நாள். சோற்றைப் போட்டு மேசையில் மூடி வைத்துவிட்டு நண்டுக் கொம்பனி வேலைக்குப் போய்விடுகிறாள். காரணத்தை உனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லவிடவில்லை. அவள் மகள் யசிந்தாவுக்கு முகம் நிறையப் பரு வந்தது உனக்குத் தெரியும்தானே. சும்மா வயதுக்கு வருகிற பரு இல்லை, சீழ் வைத்துத் தலையணை உறையெல்லாம் கறை. ரியூசனில் பெடியள் நண்டுக்கோது, நண்டு ஓடு என்று கூப்பிட்டார்களாம். ஆஸ்பத்திரி டொக்டர் அம்மா குளிசையும் பூசுமருந்தும் தந்து, நான் சொல்லுமட்டும் நிப்பாட்டக்கூடாது, இடையிலை விட்டால் கூட வரும் என்று சொல்லித்தான் அனுப்பினா. இரண்டு மாதத்தில் நெற்றி தெளிந்து வந்தது.

அப்போதுதான் உயிர்த்த ஞாயிறன்று நீ போன் எடுத்தாய். உங்கள் ஆராய்ச்சியில் கண்ணுக்கே தெரியாத துணிக்கைக்குள் மருந்தை அடைத்துப் பருவில் பூசுவதாம், வெளிச்சம் பிடித்தால்தான் அது திறந்து உள்ளேயிருக்கிற கிருமியைக் கொல்லுமாம், எலிகளுக்குச் சரிவந்துவிட்டதாம், மனிதருக்குக் கொடுக்க இன்னும் கன வருடம் செல்லுமாம். எல்லாம் நீ சொன்னாய். நான் எலியையும் வருடத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஊருக்குச் சொன்னேன். என்ரை மோன் பருவுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டான் என்று பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னேன், மீன் சந்தையில் சொன்னேன். சுவாமிகூடப் பிரசங்கத்தில் உன் பெயரைச் சொன்னார். அப்பா போனபிறகு கருவாடு காயவைத்து உன்னைப் படிப்பித்த எனக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் படவில்லை. அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து பிள்ளை யசிந்தாவிடம் சொன்னேன், உந்தக் குளிசையளை விடு குஞ்சு, வயித்தைப் பிரட்டுது எண்டு அழுறாய்தானே, மாமா மருந்து அனுப்புவான் என்று. அம்மாவுக்குச் சொல்லாதை என்றும் சொன்னேன். நாளுக்கொன்றாய் அந்தக் குளிசைகளைக் குசினிக் குப்பைக்குள் போட்டது இந்தக் கைதான்.

பிள்ளை ரவுணுக்குப் போய் ஒரு சின்ன ரோச் லைற் வாங்கி வந்தாள், மருந்து வந்த உடனே வெளிச்சம் பிடிக்க. ஓகஸ்ற்றில் நீ கொடுத்துவிட்ட பார்சல் வந்தது. சொக்லேற், சவுக்காரம், அவளுக்குச் சப்பாத்து, என் முழங்காலுக்கு உறை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். பிறகு பையைக் கவிழ்த்துத் தட்டினாள், சப்பாத்துக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தாள். மாமா மறந்திருப்பார் அம்மம்மா என்று சிரித்தாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை, டிசெம்பரில் நத்தாருக்கு வரும் என்றேன்.

செப்டெம்பரில் இரண்டு கன்னமும் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. டொக்டர் அம்மா ஏன் விட்டனி என்று கேட்க, பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிலத்தைப் பார்த்தாள். நானே சொன்னேன், அக்காவுக்கு முன்னால். பரு மாறுமாம், விழுந்த குழிகள் முழுதாக மாறாதாம். இப்போது திரும்பக் குளிசை போடுகிறாள், ரியூசனுக்குத்தான் போகிறாள் இல்லை.

நேற்றுப் பின்னேரம் அவளைத் தேநீருக்குக் கூப்பிடப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் இருந்து ரோச்சைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மருந்து ஒன்றுமில்லை, வெறும் வெளிச்சம். மாமாவின்ரை மருந்து ஆறின குழியையும் நிரப்புமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோவன் அம்மம்மா என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இல்லை என்றால் இல்லை என்றே எழுது. எனக்கு வேண்டாம், அவள் பெயருக்கு எழுது. எலியையும் எழுது, வருடத்தையும் எழுது. நான் சொன்னால் இனி நம்பமாட்டாள், நம்பினால் அது இன்னும் பாவம்.

உன்மேல் ஒரு பிழையும் இல்லை ராசா, நீ சரியாகத்தான் சொன்னாய். உன் கைகளையும் உன் வேலையையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், மருமகளையும் பிள்ளையையும் மாதா காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நத்தாருக்குப் பார்சல் அனுப்ப வேண்டாம். அவள் திறந்து பார்ப்பாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
இ. லூர்த்தம்மா