அவ்வளவா வலிக்கவில்லை

போரோஸ், ஸ்வீடன்
4 மார்ச் 1969

அன்புள்ள லெம்பி அக்காவுக்கு,

நலம். ஆலையில் வேலை இருக்கிறது. இரண்டு நாளாக வயிற்றின் வலப்பக்கம் ஏதோ இருக்கிறது. ஆலை டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். அவ்வளவா இல்லை என்றேன். வீட்டுக்குப் போய்ப் படு என்றார். நல்ல மனிதர். பசியும் அவ்வளவா இல்லை. மாடுகள் எப்படி?

தம்பி,
கலெர்வோ

குஹ்மோ, ஃபின்லாந்து
7 மார்ச் 1969

என் தங்கமான மடத் தம்பிக்கு,

மாடுகள் உன்னைவிட அறிவாக இருக்கின்றன. வலித்தால் கத்துகின்றன.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். 'அவ்வளவா இல்லை' என்ற இடத்தில் கரண்டியைப் போட்டுவிட்டு, பனியில் கடைக்கு ஓடி, நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி, நம் நாட்டுக்காரி ரௌஹாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் காப்பியை மறந்து கேட்டார்கள். நீ இதைப் படிப்பதற்குள் அவள் உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். திட்டாதே, நான்தான் சொன்னேன்.

நான் நான்கு வருடம்தான் பள்ளிக்குப் போனேன், ஆனால் உன்னைப் படிக்கத் தெரியும். போன வருடம் மரம் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தபோது, பனிச்சறுக்கில் ஏழு கிலோமீட்டர் வந்து, இரண்டு குவளை காப்பி குடித்துவிட்டு, "தோளு அவ்வளவா சரியில்லக்கா" என்றாயே! உன்னைப் போல் ஒருவன் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒன்னியும் அப்படித்தான். நான் முதன்முதலில் செய்த மீன் ரொட்டியைத் தின்றுவிட்டு, "அவ்வளவா மோசமில்ல" என்றார். உடனே கட்டிக்கொண்டேன். இதைவிடப் பெரிதாக நம் ஆள் எவன் புகழ்வான்?

வலிக்கவே இல்லை என்று நம்மாட்கள் சொன்னால் கொஞ்சம் வலிக்கிறது என்று அர்த்தம். அவ்வளவா இல்லை என்றால் உயிர் போகிறது. நம் மொழியின் 'எய் கோவின்', உன் அந்த 'அவ்வளவா இல்லை', அந்த ஸ்வீடன்கார டாக்டருக்கு எப்படி விளங்கும், பாவம்? சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

பிழைத்துக் கிட. இல்லாவிட்டால் அங்கேயே வந்து உதைப்பேன்.

உன் அக்கா,
லெம்பி

போரோஸ்
18 மார்ச் 1969

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல். குடல்வால் வெடித்திருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டபோதும் நான் 'அவ்வளவா இல்லை' என்றுதான் சொன்னேன். ரௌஹா அம்மா குறுக்கே புகுந்து ஸ்வீடிஷில் கத்தினார்: "இவன் பேச்சக் கேக்காதீங்க டாக்டர்! உயிர் போகுதுன்னு இவன் அக்கா சொல்றா!" எழுநூறு மைல் தள்ளி இருக்கும் அக்கா எப்படிப் பார்த்தாள் என்று டாக்டர் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கத்தி வைத்துவிட்டார்கள்.

நேற்று கட்டு மாற்ற வந்த நர்ஸ், வலிக்கிறதா என்று கேட்டாள். நீ திட்டியது ஞாபகம் வந்தது. "வலிக்குது" என்றேன். நாற்பத்துமூன்று வயதில் முதல் முறை. என் குரல்தானா என்று இருந்தது. அவள் வேலையை நிறுத்திவிட்டு, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள்.

இதற்காகத்தான் மற்றவர்கள் சொல்கிறார்களா, அக்கா?

உன் தம்பி,
கலெர்வோ