கோழித் தலை ஒரு பையில், கால் இன்னொன்றில்

27 ஒக்டோபர், திங்கள்

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். பதினொரு வருசமாக ஷார்ஜாவில் பக்கிங் மெசின் விற்கிறேன். மிளகாய்த்தூள், சீனி, உப்பு என்று எதைக் கொட்டினாலும் பையில் நிரப்பி, ஒட்டி, வெட்டித் தள்ளுகிற மெசின். இந்தப் பதினொரு வருசத்தில் ஒன்றைக்கூட நான் ஓட்டியதில்லை. பச்சை பட்டனை அமத்தியதும் இல்லை. "சேர் எஞ்சினியரோ?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குத்தான் சம்பளம்.

ஓட்டுகிறது முழுக்க சோலையப்பன். சிவகங்கைப் பக்கத்துப் பெடியன் — பெடியன் என்ன, நாற்பது வயசு. அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு நான்தான் ஓட்டுவிக்கிறேன் என்று தோன்றும்.

இன்றைக்கு ரஹ்மான் பாய் கூப்பிட்டார். கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர், எங்கள் முதலாளி. அவர் அறையில் ஏசியைக் கூட்டி வைத்திருந்தால் கெட்ட செய்தி. இன்றைக்குப் பல் கிட்டியது.

"நாதன், அடுத்த வாரம் துபாய் பேக்கேஜிங் எக்ஸிபிஷன். நம்ம குடோன்ல ரெண்டு வருசமா தூங்குற இத்தாலி மெசினை அங்க கொண்டுபோய் வைக்கிறோம். மூணு நாள். வித்துட்டு வாங்க."

"விக்காட்டி, பாய்?"

"அது திரும்பக் குடோனுக்கு வந்துச்சுன்னா, சேல்ஸுக்கு ரெண்டு ஆளு எதுக்குன்னு நமக்கெல்லாம் விசா குடுக்குற கஃபீல் கேப்பாரு. உங்க விசா எப்ப முடியுது?"

அவருக்கே தெரியும். நவம்பர் 30. கஜாலினிக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புச் சோதனை. அப்பனின் விசாவில்தான் மகளின் விசா. நடுவழியில் பெட்டி கட்டினால் பிள்ளையின் ஒரு வருசம் போச்சு.

மனிசி வதனாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவள் எனக்குத் தைரியம் சொல்லுவாள். அதைத் தாங்க ஏலாது.

28 ஒக்டோபர்

"என்னப்பா, சோத்தைப் பிசைஞ்சுகொண்டே இருக்கிறியள்?" என்றாள் வதனா. பசியில்லை என்றேன், இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டு.

30 ஒக்டோபர், வியாழன்

சோலையப்பனுக்கு அம்மை போட்டுவிட்டது.

தொழிலாளர் காம்பில் தனி ரூமில் படுத்திருக்கிறான். வீடியோவில் பார்த்தேன். முகம் முழுக்க ரோஸ் நிறக் களிம்பு, தலைமாட்டில் வேப்பங்கொத்து. ஷார்ஜா இன்டஸ்ரியல் ஏரியாவில் வேப்பமரத்தை எங்கே கண்டுபிடித்தான்களோ.

"அண்ணே, ரெண்டு வாரத்துக்கு வெளிய வரப்படாதுன்னுட்டாங்க. நீங்களே ஓட்டிருங்க. பெரிய வித்தை ஒண்ணுமில்ல."

"ஓமோம்" என்றேன். அவனிடம்கூட நான் உண்மையைச் சொன்னதில்லை. இப்போது சொன்னேன், எனக்கு ஓட்டத் தெரியாது என்று.

அவன் சொன்னான்: "அது தெரியும்ணே. பட்டனைத் தொடுற நேரம் வந்தா நீங்க பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுக்குவீங்க."

பதினொரு வருசமாகத் தெரியுமாம்.

2 நவம்பர், ஞாயிறு

நேற்றும் இன்றும் குடோனில் பயிற்சி. போனை ஒரு பெட்டியில் சாய்த்து வைத்து, சோலை சொல்லச் சொல்ல நான் செய்தேன். படம் அச்சடித்த பிளாஸ்டிக் சுருளைப் பின்னால் மாட்ட வேண்டும். அது ஏறி வந்து குழாயாகச் சுருண்டு, பொருள் விழுந்து, சூட்டில் ஒட்டி, வெட்டுப்படும். சுருள் ஓரத்தில் ஒவ்வொரு பைக்கும் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மெசின் இந்த இடத்தில் வெட்டு என்று அறிந்துகொள்கிறது.

எங்களிடம் இருக்கிற ஒரே சுருள், கடையை மூடிவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளரின் கோழி மசாலாச் சுருள். ஒவ்வொரு பையிலும் ஒரு முழுக் கோழி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. உள்ளே போடுவது ரவை. கண்காட்சி என்றால் அப்படித்தான்.

இன்று இருபது பை வெட்டினேன். இருபதும் முழுக் கோழி. வீட்டுக்கு ஒன்று கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வதனா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு நல்லாயிருக்கு" என்றாள். பட்டம் வாங்கினவன் மாதிரி இருந்தது.

3 நவம்பர், திங்கள்

மண்டபத்தில் மெசின் இறக்கிய நாள். யாராவது முதல்தரம் போகிறவர்கள் கேட்டால் சொல்வேன்: போர்க்லிப்ட் நேரத்தைத் தவறவிட்டால் நாலு மணித்தியாலம் வெயிலில் நிற்கவேண்டும்; ஆயத்த நாளில் ஏசி போடமாட்டார்கள்; கரண்ட் பின்னேரம்தான் வரும். புதுச் சப்பாத்து போடுகிறவன் முட்டாள். நான் புதுசு போட்டுக்கொண்டு போனேன்.

கரண்ட் வந்ததும் ஓட்டிப் பார்த்தேன். பத்துக் கோழி, பத்தும் முழுசு. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. எல்லாரும் போனபிறகு பொக்கற்றில் இருந்த சின்னச் சிமிழைத் திறந்து மெசினுக்குச் சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் வைத்தேன். ரஹ்மான் பாய் ஒன்றும் சொல்லக்கூடிய ஆள் இல்லை; ஆனாலும் கோட்டும் சூட்டும் போட்டு நிற்கிற ஸ்டாலில் முன்னால் பளிச்சென்று பொட்டு இருந்தால் நன்றாயிராது என்று, பின்பக்கமாக ஒருவர் கண்ணிலும் படாத ஒரு சின்ன இடம் பார்த்து வைத்தேன்.

4 நவம்பர், செவ்வாய்

கடவுளே.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. பத்தே காலுக்கு ரஹ்மான் பாய் வந்து, இரண்டு அரபிகளை முன்னால் நிறுத்தி, "யல்லா நாதன், ஓட்டுங்க" என்றார். பச்சையை அமத்தினேன்.

முதல் பை: கோழியின் கழுத்துக்கு மேலே மட்டும். இரண்டாவது: கழுத்துக்குக் கீழே, மேல் ஓரத்தில் யாரோ ஒரு கோழியின் கால். மூன்றாவது பையில் கோழியே இல்லை, வெறும் எழுத்து. நாலாவது முழுசாக வந்தது — அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏன் அது மட்டும்?

அரபிகள் மரியாதையான ஆட்கள். ஒருவர் தலையில்லாத கோழியை எடுத்துப் பார்த்து, "மாஃபி முஷ்கிலா", பரவாயில்லை, என்று புன்னகைத்து, எதிர் ஸ்டாலுக்குப் போய்விட்டார். எதிர் ஸ்டாலில் எல்லாப் பையும் ஒரே அளவு. அங்கே நிற்கிறவன் மாலையில் திருமணவீட்டுக்குப் போகிறவன் மாதிரி செண்ட் அடித்திருந்தான். எங்கள் பக்கம் பார்த்துப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"என்ன நாதன் இது?" என்றார் பாய், உதடு அசையாமல்.

"டெமோ மோட், பாய். வெட்டுற இடத்தை மாத்தி மாத்திக் காட்டலாம் எண்டு காட்டுறன்."

என் வாய்க்கு வெட்கமே இல்லை. அவர் காப்பி குடிக்கப் போனார். போகிற நடையிலேயே என் விசா தெரிந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கறுப்பு அபாயா, கழுத்தில் அட்டை: ஷம்சியா, கொள்முதல், ராஸ் அல் கைமாவில் ஒரு மசாலாக் கொம்பனி. "தமிழா சார்?" என்றாள். தென்காசியாம். உட்கார மாட்டேன் என்றாள், தேத்தண்ணி வேண்டாம் என்றாள், ஓடுகிற கோழிகளை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. பக்கக் கதவைத் திறக்கச் சொன்னாள். போனை எடுத்து உள்ளே ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்தாள். பையைக் கவ்வி ஒட்டுகிற சூட்டுத் தாடையை மட்டும் ஏழெட்டுப் படம்.

போனபிறகு யோசித்தேன்: எதிர்க்கொம்பனி அனுப்பின ஆளாக இருக்குமோ?

மத்தியானம் கக்கூசுக்குள் நின்று சோலைக்குப் போன் எடுத்தேன். வெப்பத்தைக் கேட்டான், வேகத்தைக் கேட்டான், சுருளின் இறுக்கத்தைக் கேட்டான். எல்லாம் சரி. பிறகு மெல்லமாக:

"அண்ணே. பொட்டு கிட்டு வச்சீங்களா?"

"...ஓம்."

"எங்க?"

"பின்னால. சின்னதா ஒரு கண்ணாடி வட்டம் இருக்கே, கறுப்புக் குழாய் நுனியில. முகம் மாதிரி வடிவா இருந்தது."

ரூமுக்குள் அவன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது கேட்டது. "அண்ணே, அதுதான் அதோட கண்ணு. அந்தக் கறுப்புக் கோட்டைப் பாக்குற கண்ணு. கண்ணை அடைச்சுப்புட்டு ஓடு ஓடுன்னா அது குத்துமதிப்பாத்தான் வெட்டும்."

ஓடிப்போய் என் கைலேஞ்சியைத் துப்பலில் நனைத்துத் துடைத்தேன். அடுத்த பை: முழுக் கோழி. அதற்கு அடுத்ததும். பாய் திரும்பி வரும்போது நாற்பது கோழிகள் நெஞ்சை நிமிர்த்தி நின்றன. நானும்.

5 நவம்பர், புதன்

மெசின் ஓடுகிறது. வாங்குகிறவனைத்தான் காணோம்.

கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பை பொறுக்க வருகிறவர்கள். ஒரு பையை வாங்கி, அதற்குள் இன்னொரு ஸ்டாலின் பையை வைத்து, அதற்குள் பேனைகள். கால்வாசிப் பேர் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருக்கும் போட்டிக் கொம்பனிக்காரர். ஒரு அம்மா ரவைப் பை நாலு எடுத்துக்கொண்டு போனா. மசாலா இல்லை அம்மா, ரவை என்றேன். பரவாயில்லை, உப்புமாக் கிண்டலாம் என்றா. ஒருத்தர் அரை மணித்தியாலம் நுணுக்கமாகக் கேள்வி கேட்டு, கடைசியில் தன் போனைச் சார்ஜ் போட பிளக் இருக்கா என்றார்.

பாய் இன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை. ஒரே ஒருமுறை: "நாளைக்கு நாலு மணிக்குக் கட்டணும். லாரிக்குச் சொல்லிட்டேன்." குடோனுக்குத் திரும்புகிற லாரி.

ஷம்சியா மறுபடி வந்தாள். திரும்பவும் கதவைத் திறக்கச் சொல்லி, ஒரு காகிதத் துண்டில் இலக்கங்களை எழுதிக்கொண்டாள். நான் பத்து நிமிசம் பேசினேன் — வேகம், சுத்தம், நிமிசத்துக்கு நாற்பது பை. அவள் "அப்படியா சார்" என்று எழுதிக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதை இல்லை.

கஜாலினி இரவுச் சாப்பாட்டில் கேட்டாள், "அப்பா, மார்ச்சுக்கு ஹோல் டிக்கற் போட்டோ எடுக்கவேணும், எப்ப கூட்டிக்கொண்டு போறீங்க?" வாற கிழமை என்றேன். தண்ணி குடித்தேன். இரண்டு கிளாஸ்.

6 நவம்பர், வியாழன்

கடைசி நாள். ஒரு மணி. இரண்டு மணி. பக்கத்து ஸ்டால்களில் மூன்று மணிக்கே கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டான்கள். நான் மட்டும் விடாமல் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். நிற்பாட்டினால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

மூன்றரைக்கு ஷம்சியா தன் முதலாளியோடு வந்தாள். அவர் மெசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மெசினை நிற்பாட்டச் சொல்லி, குனிந்து உள்ளே பார்த்தார். ஓட்டிக் காட்டட்டுமா என்று பட்டனில் கை வைத்தேன்.

"வேண்டாம் சார், பார்த்தாச்சு" என்றாள். "கண்காட்சி முடியுற நேரத்து விலை என்ன?"

பாய் ஓடி வந்தார். அந்த மனிசன் ஓடி நான் கண்டதில்லை. பதினைந்து நிமிசத்தில் கையெழுத்து. குடோனுக்குப் போக வந்த லாரியைப் பாய் வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்.

"நாதன்," என்று தோளில் தட்டினார், "உங்க டெமோவைப் பாத்துத்தான் மயங்கிட்டாங்க. அடுத்த வருசம் எக்ஸிபிஷன் முழுக்க நீங்களே ஓட்டுங்க."

வீட்டுக்கு வந்து வதனாவுக்கு எல்லாம் சொன்னேன். விசா, பாய், அம்மை, பொட்டு, எல்லாம். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவள் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினொரு நாளா எனக்குச் சொல்லேல்லை என்ன" என்றாள்.

16 நவம்பர், ஞாயிறு

விசா புதுப்பிக்க இரத்தம் எடுத்தார்கள். கஜாலினிக்குப் போட்டோவும் எடுத்தாச்சு.

24 நவம்பர், திங்கள்

ராஸ் அல் கைமாவில் மெசின் இறக்கினோம். சோலை தழும்புகளோடு கூட வந்தான். வழி முழுக்க அவனுக்கு என் மூன்று நாள் வீரத்தை விவரித்தேன். மெசினின் கண்ணைத் துடைத்த கட்டத்தை இரண்டு தரம்.

தொழிற்சாலைக்குள் போனால், நடுவில் இன்னொரு மெசின். அதே இத்தாலிக் கொம்பனி, அதே மொடல். கதவு திறந்து, சூட்டுத் தாடை உடைந்து, தூசி பிடித்து.

"நாலு மாசமா நிக்குது சார்," என்றாள் ஷம்சியா. "ஸ்பேர் பார்ட் கேட்டா அடுத்த ஜூன்ங்கிறாங்க. எக்ஸிபிஷன் லிஸ்ட்ல உங்க மாடல் நம்பரைப் பாத்ததுமே முதலாளி சொல்லிட்டார், முழுசா வாங்கிப் பிரிச்சுக்கலாம்னு. பார்ட் நம்பர் எல்லாம் ஒத்துவருதான்னு பாக்கத்தான் நான் வந்தேன். மெசின் ஓடலைன்னாலும் எடுத்திருப்போம்."

சோலை என் முகத்தைப் பார்க்காமல் மேற்கூரையைப் பார்த்தான்.

நான் டெலிவரித் தாளில் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அவர்களுடைய மெக்கானிக் எங்கள் மெசினின் தாடையைக் கழற்றிவிட்டார். எங்கள் மெசினை இறக்கி வைத்த மூலையில் பிளக் பொயின்ற்கூட இல்லை.