சம்பந்தி ஆடும் கோல்ஃப்

ஜூன் 8, ஞாயிறு

மேலூர் ரோட்டில் குவாரிகளைத் தாண்டி இம்புட்டுப் பச்சையாக ஒரு இடம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. என் மகள் சத்யப்ரியா கட்டிக்க நினைக்கிற பையன் முத்துக்குமரன். அவன் அப்பா அருள்பாண்டி வாராவாரம் இங்கே கோல்ஃப் ஆடுகிறார். "வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டிருந்தார். ஆடி பிறக்குமுன் பூ வைக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லியாக வேண்டும். பையன் தங்கம். அப்பன் எப்படி? மகள் ஒரே வீட்டில் அவரோடு இருக்கப்போகிறவள்.

ஆட்டத்தை விட ஆடுகிறவர்களைத்தான் பார்த்தேன். வில்லாபுரத்தில் இருபது வருசமாகப் பைப் கடை. படியேறும்போதே ஆள் எப்படியென்று சொல்லிவிடுவேன். தல்லாகுளத்து வக்கீல், பந்து தப்பினால் காற்றைக் குற்றம் சொல்கிறார். குவாரி முதலாளி தன் பந்தை விட்டுவிட்டு அடுத்தவனுக்கு வகுப்பெடுக்கிறார். ஒரு டாக்டரம்மா, பேச்சே கிடையாது, அடிப்பது, நடப்பது. பெரிய மனுசர் ஒருத்தர் புல்லுக்குள் கிடந்த பந்தைக் காலால் நைசாக நகட்டினார்! அம்பயர் கிடையாதாம். அவனவன் அடியை அவனவனே எண்ணணுமாம். நம்ம ஊரில் இது எப்படி ஓடுது?

அருள்பாண்டி எந்த வகை? சிரித்துக்கொண்டே இருந்தார். ஜெயித்துக்கொண்டும் இருந்தார். ஜெயிக்கிறவன் சிரிக்கிறதுல என்ன இருக்கு?

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் அவர்தான் ஜெயித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். "கடைசி அடி மட்டும் ஆடுவோம்ணே. குழியில தள்ளணும், அம்புட்டுத்தான்."

கோலிக்குண்டு உருட்டின கை. முதல் மூன்றும் விழுந்தன. அவர் சிரிப்பு நின்றது. எனக்குப் பக்கென்றது — பொண்ணு வீட்டுக்காரன்ல நான்? அடுத்ததையெல்லாம் வேண்டுமென்றே கோணலாகத் தட்டினேன்.

கண்டுபிடித்துவிட்டார். "கடைக்கு வார ஆளுக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி எனக்கு விட்டுக்குடுக்காதீங்கண்ணே." காபி கூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார்.

போச்சு.

ஜூன் 23

சத்யப்ரியா கேட்டாள்: "இப்பவே நீங்க தோத்துக் குடுத்தா, அந்த வீட்டுல நான் எதுலப்பா ஜெயிக்கிறது?"

சுருக்கென்றது. தோத்தா அந்த மனுசன் எப்படி இருப்பாருன்னு பார்க்கத்தானே போனேன்? பார்க்க முடியாமக் கெடுத்தது நானேதான்.

ஜூன் 29, ஞாயிறு

நானே போன் போட்டு வரச்சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. நல்லாவே தோற்றார். காது சிவந்துபோனது. கம்பை ஓங்கினார் — எறியப்போறாரோ? இல்லை, தோளில் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் குழியையே முறைத்தார். அப்புறம் வெள்ளை பேண்ட்டோடு புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்கா தட்டுங்கண்ணே. மணிக்கட்டு என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

பத்துத் தடவையாவது தட்டிக் காட்டியிருப்பேன். வெயில் ஏறினதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சத்யப்ரியாவிடம், "சேலை எடுக்கப் போவமா?" என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

பூ வைத்தாயிற்று. தட்டு மாற்றும்போது எல்லாரும் தட்டைப் பார்க்க, அந்த மனுசன் மட்டும் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் குனிந்தார்.

"ஞாயித்துக்கெழம உங்கள விடமாட்டேன், சம்பந்தி."

சத்யப்ரியாவுக்குக் கேட்டுவிட்டது. குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்: "நீங்களும் விட்றாதீங்கப்பா."