மருந்து பாட்டில்

நவம்பர் 6, 2023

வாழவந்திக்குப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லைனில் பதினோரு பேருக்குக் காய்ச்சல். நான்கு பேருக்கு டெங்கு உறுதி. இருபத்திரண்டு வீட்டிலும் குடம், டிரம், ஆட்டுக்கல் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கொசுப்புழு இல்லை. "வேற எங்கயாச்சும் தண்ணி நிக்குதுங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க சார்" என்றார்கள். 'புழு இல்லை' என்று படிவத்தில் எழுதி, சுகாதார ஆய்வாளர் என்று முத்திரையும் குத்தியாயிற்று.

நவம்பர் 8

மேலும் மூன்று பேர். புகை அடித்தோம். ஊரே இருமியது, கொசு இருமியதாகத் தெரியவில்லை.

நவம்பர் 9

லைனில் இருக்கும் அம்மணியின் மருமகள் வெண்ணிலாவுக்கும் டெங்கு. எட்டு மாதக் கர்ப்பிணி. ஜீப்பில் சேலத்துக்கு அனுப்பினோம்.

வீட்டில் புழு இல்லையென்றால் எங்கிருந்து? பட்டியலை மறுபடி படித்தேன். பதினைந்து பேரும் பெண்கள். பதினைந்து பேரும் காப்பி காயப்போடும் களத்தில் வேலை செய்கிறவர்கள். டெங்கு கொசு கடிப்பது பகலில் — இது எனக்குத் தெரியாதா என்ன? வீடு வீடாகப் போய் என்னத்தைத் தேடினேன்?

நவம்பர் 10

களத்தைச் சுற்றி வேலிக் கம்பிலும் கொட்டகை இறவாரத்திலும் பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள். காப்பிப் பழத்தைத் துளைக்கும் வண்டைப் பிடிக்கத் தொங்கவிட்டவை. உள்ளே மருந்து ஊற்றுவார்கள்.

"ஊத்தி எத்தனை நாளாச்சு?" என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மெல்வினிடம் கேட்டேன்.

"போன மாசியிலங்க சார்."

அப்புறம் நிறைந்தது எல்லாம் மழை. ஒன்றை இறக்கி வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். தட்டு முழுக்க நெளிந்தது. மொத்தம் அறுபத்து மூன்று பாட்டில். மாலைக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம்.

யாரும் பொய் சொல்லவில்லை. நான் தண்ணீரைக் கேட்டேன். இதற்குப் பெயர் மருந்து பாட்டில். விஷமென்று ஒருவரும் தொட்டதுகூட இல்லை. முதல் நாள் என் வண்டியை நிறுத்தியதே இதற்குக் கீழேதான். அண்ணாந்து பார்த்தேன், மருந்து என்று நினைத்தேன், போய்விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 12

தீபாவளி. வெண்ணிலாவுக்கு ரத்தம் ஏற்றுகிறார்களாம். மெல்வின் போனில் சொன்னார்.

நவம்பர் 13

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது.

டிசம்பர் 2

பன்னிரண்டு நாளாகப் புதுக் காய்ச்சல் இல்லை. வெண்ணிலா வீடு திரும்பிவிட்டாள். பார்க்கப் போனேன், தூங்கிக்கொண்டிருந்தாள்.

களத்தில் அம்மணி காலி பாட்டில்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார். "மாசமா இருக்கறவளைக் கொசு கடிச்சரப் போகுதுன்னு, நாந்தானுங்க சார் அந்தப் பாட்டிலுக்குக் கீழயே உக்காந்து பழம் பொறுக்கச் சொன்னேன். மருந்து இருக்குதேன்னு."

குனிந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

"நானும் மருந்துன்னுதாங்க நெனச்சேன். மொத நாளே பார்த்தேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "நீங்களுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, சாக்கின் வாயைக் கட்டினார்.