தண்ணீர் தெளித்த ஆடு

அண்ணாச்சி தந்த புது வேட்டி ஆணியில் தொங்குகிறது. அதன் கஞ்சி மணம் அறை முழுக்க. கதவைத் தாழிட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். உள்ளேயிருந்து தாழிடும் கதவு. இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

பயமாக இருக்கிறது.

சிறையில் உன் பாய்க்கு அடுத்த பாய் என்னுடையது. விடுதிச் சண்டையில் ஒருவன் கண்ணைக் கெடுத்துவிட்டு வந்தவன் நான், எம்.ஏ. பாதியில் நின்றது. நீ டிரைவர். முதலாளியின் தம்பி செய்த கொலையை உன் தலையில் ஏற்றுக்கொண்டு வந்தவன். "ஏலே படிச்ச மாடு, தள்ளிப் படுடே" என்பாய்.

ஏன் ஒப்புக்கொண்டாய் என்று ஒருமுறை கேட்டேன். நீ உங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவைப் பற்றிச் சொன்னாய். வெட்டும் முன் ஆட்டுக்கு மாலை போட்டு, மேலே தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது.

"தண்ணி பட்டா எந்த ஆடுதாம்லே சிலுப்பாது? நானும் சரின்னு சொல்லலடே. பயத்துல நடுங்கினேன். அதையே சம்மதம்னு எழுதிக்கிட்டாக."

நீ இருமி இருமி அங்கேயே போய்ச் சேர்ந்தாய். நான் வெளியே வந்தேன்.

யாரும் வேலை தரவில்லை. அம்பாசமுத்திரம் சாலையில் மரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தந்தார். கடைக்கு வருகிறவர்கள் முன் என் தோளில் கைபோட்டு, "ஜெயில்ல இருந்து வந்த பய. நாமதான கைகொடுக்கணும்?" என்பார். எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் டீ. எனக்குக் காகிதக் கப்.

போன வாரம் எனக்கும் சில்வர் டம்ளர் வந்தது. சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் மகன் ஓட்டிய கார் மோதி, வயல் வேலைக்குப் போன ஒரு பெண் இறந்திருந்தாள்.

நேற்று வேட்டியைக் கையில் தந்தார். "காரை நான்தான் ஓட்டுனேன்னு நாளைக்கு ஸ்டேஷன்ல சொல்லிரு. எம் மவன் தாங்க மாட்டான். உனக்கு அங்கன எல்லாம் பழக்கம்தான வே?"

எனக்கு உடம்பு நடுங்கியது. பக்கத்தில் நின்ற மைத்துனரிடம் திரும்பி, "பய சரிங்கான்" என்றார்.

இன்று காலை கடைக்குப் போய் வேட்டியை மேசையில் வைத்தேன்.

"நேத்து தலையாட்டுனியே வே!"

"தலையாட்டல அண்ணாச்சி. நடுங்கினேன். நான் மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். வேட்டியை மறுபடி என் கையில் திணித்தார். "வச்சுக்கோ. பைய யோசி. சாயங்காலம் நம்ம பயலுவ ரெண்டு பேரு உன்னைப் பாக்க வருவானுவ."

சாயங்காலம் ஆகிவிட்டது.

தெருவில் ஒரு வண்டி வேகம் குறைகிறது. மறுபடி நடுங்குகிறேன். உன்னிடமிருந்து நான் கொண்டுவந்தது இந்த நடுக்கம்; அப்புறம், நீ சொல்லாமல் விட்ட ஒரு சொல். வண்டி நின்றுவிட்டது. தாழ்ப்பாளைப் பார்த்தபடி, உன் பங்குக்கும் சேர்த்து, உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டேன்.